லண்டன் வெட்டு

அத்தியாயம் 14

யாங்கூனின் இன்னொரு கோடியில் இருக்கும் இன்சீனுக்குக் கிளம்புவதற்குள் நபீஸா மகனிடம் திரும்பத் திரும்பச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாசற்படியைத் தாண்டக் கூடாது, கதவை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது, பால்கனியில் தலை நீட்டக் கூடாது. சர்ஃபராஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவளுடைய தங்கை வீட்டில் மௌத்தான மச்சானுக்கு வருஷ ஃபாத்திஹா. போகாமல் இருக்க முடியாது. மாடிப்படி இறங்கும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

வார்டில் கட்டாயப் பட்டாளத்துக்குக் குலுக்கல் போட்டுப் பெயர் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து சர்ஃபராஸ் அந்த நாலாவது மாடி வீட்டை விட்டு இறங்கவில்லை. வயது இருபத்து மூன்று. கீழ்வீட்டுப் பையன் பஸ் நிறுத்தத்தில் பிடிபட்டு, எங்கே கொண்டுபோனார்கள் என்றே தெரியாமல் போன கதையைத்தான் போன வாரம் பார்த்தோம். அதன் பிறகு நபீஸா, மகன் இருமினால்கூட ஜன்னலைச் சாத்தினாள்.

மகளைப் பற்றி அவளுக்கு இருந்தது வேறு கவலை. லண்டனில் உடை வடிவமைப்புப் படிக்க ஸமீரா உதவித்தொகை கேட்டிருந்தாள். கடைசிச் சுற்றுவரை வந்தும்விட்டாள். கலியாணம் ஆகாத பெண்ணைச் சீமைக்குத் தனியாக அனுப்பவா பெற்றேன் என்று நபீஸா ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் நேர்காணல் இன்றைக்குத்தான் என்பதை ஸமீரா தாயிடம் சொல்லவே இல்லை. வாப்பாவுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும்.

இருபத்தேழு வயது ஸமீராவுக்கு நகர ஓரத்து லைங்தாயாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் மேல்கோட்டுகளுக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டிக் கொடுப்பாள். அந்தக் கோட்டுகள் மேல் அவளுக்குப் பிரியம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே தோள், ஒரே இடுப்பு. எவருக்கும் பொருந்தும், எவருக்கும் அழகு சேர்க்காது.

பிரியமெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் மேல். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து, அரசாங்கத்தின் இணையத் தடையைச் சுற்றிப் போக விபிஎன் போட்டுக்கொண்டு, அக்காவும் தம்பியும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு பழைய ஃபேஷன் காட்சிகளைப் பார்ப்பார்கள். பாதி தமிழும் பாதி பர்மியுமாகச் சண்டை நடக்கும்.

ஸமீராவுக்கு அலெக்ஸாண்டர் மெக்வீன். லண்டன் டாக்ஸிக்காரரின் மகன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சவில் ரோ தெருத் தையற்காரர்களிடம் கோட்டு வெட்டக் கற்றவர். அவர் வெட்டிய தோளைப் பார்த்தால் போட்டிருக்கும் ஆளைப் பார்த்துப் பயம் வரும், பயத்தோடு ஆசையும் வரும் என்பாள். சர்ஃபராஸுக்கு பால் ஸ்மித். வெளியே ஆபீஸ் போகிறவர் போடும் அடக்கமான கோட்டு. பித்தானை அவிழ்த்தால் உள்ளே ஒரே வண்ணக் கூத்து.

"மனுசன்னா அப்புடி இருக்கணும் லாத்தா. வெளிய சாது, உள்ள கந்தூரி" என்பான்.

விவியன் வெஸ்ட்வுட் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை. பள்ளி ஆசிரியையாக இருந்த பெண்மணி, ஸ்காட்லாந்துக் கட்டத் துணியையும் ஊக்கையும் கிழிசலையும் வைத்துக்கொண்டு ஒரு தேசத்தையே அதட்டினார் என்பதில் இரண்டு பேருக்குமே பெருமை. அவர் ஏதோ தங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டில் பக்கத்துத் தெருவில் குடியிருந்த மாதிரிப் பேசிக்கொள்வார்கள்.

நேர்காணலுக்கு ஓர் உடை தைத்துக் காட்ட வேண்டும். ஸமீரா தைத்தது ஆண்கள் அணியும் நீளக் கோட்டு. பழைய துணி மூட்டைகளிலிருந்து இரண்டு கொரியக் கம்பளிக் கோட்டுகளை வாங்கிப் பிரித்து, கறுப்புத் துணியை மட்டும் எடுத்து, தோளைக் கூர்மையாகவும் இடுப்பை ஒடுக்கமாகவும் வெட்டினாள். உள்துணிக்கு வாப்பாவின் கடையிலிருந்து கச்சின் லோஞ்சிகள் வந்தன, வடக்கு மலைக்காரர்கள் நெய்யும் கைலிகள். பச்சையும் ஊதாவும் கறுப்புமான கட்டங்கள். அவற்றைக் குறுக்கு வாக்கில் வெட்டி, கட்டத்தோடு கட்டம் மோதுகிற மாதிரி இணைத்தாள். மிங்கலா சந்தையில் காலமெல்லாம் லோஞ்சி விற்கும் வாப்பா அமீர் அலி, அந்த உள்துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, இதைப் போய் உள்ளே ஒளித்து வைக்கிறாயே என்று மட்டும் சொன்னார். யாங்கூன் வெயிலில் கம்பளிக் கோட்டு யாருக்கு என்று நபீஸா கேட்டாள்.

கோட்டை ஓர் ஆள் போட்டு நடந்து காட்ட வேண்டும் என்பது கல்லூரியின் விதி. வீட்டில் மின்சாரம் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். ஆகவே பக்கத்துப் பேட்டை பசுந்தாங்கில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தோழி மா எய்யிடம் ஏற்பாடு. அங்கே பேட்டரியும் இணையமும் உண்டு. அவளுடைய சித்தப்பா மகன் கோட்டைப் போட ஒப்புக்கொண்டிருந்தான். இன்றைக்குக் காலையில் போன் வந்தது. பாலத்தடியில் சோதனை கடுமையாக இருக்கிறதாம், அவன் வரவில்லை.

ஸ்டாண்டில் மாட்டிக் காட்டிவிடலாம் என்று ஸமீரா கோட்டை மடிக்க ஆரம்பித்தாள். அறை வாசலில் சர்ஃபராஸ் நின்றுகொண்டிருந்தான்.

"நடந்தாத்தான் அந்தத் தோள் தெரியும்னு நீதானே சொன்னே."

"பேசாம உள்ள போ."

"எனக்குன்னு அளவெடுத்துத் தச்சது. எவனோ போட இருந்தான். இப்ப மரக்கட்டை போடப் போவுதா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். வெயில் உடம்பில் பட்டு எத்தனை காலமாகிறது தெரியுமா என்றான். பசுந்தாங் ஒன்றும் அடுத்த தேசம் இல்லை, சைக்காவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், உம்மா திரும்புவதற்கு முன்னால் வீட்டில் இருக்கலாம் என்றான். இந்த வீட்டில் யாராவது ஒருவர் வெளியேறிப் போவதை நான் பார்க்க வேண்டும், அதற்கு நான் ஏதாவது செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னான்.

வேண்டாம் என்று அவள் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சைக்கிளோடு இணைத்த அந்தச் சைக்கா இருக்கையில் முகக்கவசம் அணிந்து, அக்காவின் குடையை முன்னால் சாய்த்துக்கொண்டு சர்ஃபராஸ் உட்கார்ந்திருந்தான். வழியில் யாரும் நிறுத்தவில்லை. ரயில் பாதையைத் தாண்டும்போது குடையைக் கொஞ்சம் விலக்கி வானத்தைப் பார்த்தான். ஸமீரா அவன் முழங்காலில் அடித்தாள். அவன் சிரித்தான்.

மா எய்யின் ஸ்டூடியோ மாடியில் இருந்தது. வெள்ளைச் சுவர் முன்னால் லேப்டாப்பை வைத்தாள். திரையில் இரண்டு பெண்களும் வயதான ஓர் ஆணும் தெரிந்தார்கள். ஸமீராவின் ஆங்கிலம் முதலில் தடுக்கியது. யாருடைய வேலை உனக்குப் பிடிக்கும் என்று கேட்டதும் தடுக்கல் போய்விட்டது. மெக்வீனின் தோளைப் பற்றிச் சொன்னாள். வெஸ்ட்வுட்டின் கட்டங்களைச் சொன்னாள். பால் ஸ்மித்தின் உள்துணிக்காகத் தம்பியோடு போட்ட சண்டையைச் சொன்னாள்.

இங்கே வருகிற எல்லோருமே இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள், நீ எதற்காக வர வேண்டும் என்று கேட்டாள் ஒரு பெண்மணி.

ஸமீரா யோசித்துவிட்டுப் பதில் சொன்னாள். அவர்கள் மாதிரித் தைக்க நான் வரவில்லை. அவர்கள் தங்கள் தெருவில் கிடைத்ததை எடுத்து, யாரையும் கேட்காமல் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டினார்கள். என் தெருவில் கிடைப்பது லோஞ்சி. அதை வெட்டும் துணிச்சல் எனக்கு அவர்களைப் பார்த்துத்தான் வந்தது. துணிச்சல் இருக்கிறது, படிப்பு இல்லை. அதற்குத்தான் வருகிறேன்.

பிறகு சர்ஃபராஸ் நடந்தான். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. மாதக்கணக்கில் இரண்டு அறைக்குள்ளேயே நடந்த பையன் மாதிரித் தெரியவில்லை. அவனை இன்னொரு தடவை திரும்பி நடக்கச் சொல்ல முடியுமா என்று அந்த முதியவர் கேட்டார். திரும்பும்போது அவன் பித்தானை அவிழ்த்தான். கச்சின் கட்டங்கள் விரிந்தன. திரையில் ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிவு வெள்ளிக்கிழமை தெரிவிப்பதாகச் சொன்னார்கள். கோட்டைப் போட்டிருப்பவர் யார் என்று முதியவர் கேட்டார். என் தம்பி என்றாள் ஸமீரா. தன் சொந்தக் கோட்டைப் போலவே போட்டிருக்கிறார் என்றார் அவர்.

திரை இருண்டதும் மா எய் கை தட்டினாள். ஸமீரா தம்பியின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கீழே முனைக்கடையில் ஒரே ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்றான். கோட்டின் படங்களை இன்றைக்கே கல்லூரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பேட்டரி தீருவதற்குள் அனுப்ப வேண்டும். ஸமீராவின் கண் திரையில் இருந்தது. மனம் லண்டனில் இருந்தது.

"சீக்கிரம் வந்துடு" என்றாள்.

படங்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தன. கீழே தெருவில் ஏதோ வண்டி நிற்கும் சத்தம், முக்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அவள் தலை நிமிரவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த மா எய் படியேறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஸமீரா எழுந்தாள்.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தெரு பழைய மாதிரியே இருந்தது. டீக்கடையில் கவிழ்ந்த முக்காலிகளை எடுத்து நிமிர்த்திவிட்டிருந்தார்கள். வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் அவளைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்தார். வெற்றிலை விற்கும் கிழவர்தான் சொன்னார். சாதா உடுப்பில் வந்தார்களாம். வயதுப் பையன்களாகப் பார்த்து ஏற்றினார்களாம்.

உயரமான பையன், வெள்ளைச் சட்டை என்று ஸமீரா சொன்னாள்.

"அந்தத் தம்பி ஓடல. அக்கா மேல இருக்கா, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன்னு கேட்டுச்சு" என்றார் கிழவர். "விடல."

மிங்கலா சந்தையில் அமீர் அலி ஒரு வாடிக்கையாளருக்கு லோஞ்சியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் கடை வாசலில் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு, அந்த ஆளிடம் பர்மியில் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், ஏதாவது சாப்பிட்டிருந்தானா என்று கேட்டார். இல்லை என்றாள். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பூட்டை அவள் வாங்கிப் பூட்டினாள்.

முதலில் வார்டு ஆபீசுக்குப் போனார்கள். வார்டுத் தலைவர் ஊ தௌங் மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார். பெயர்களைப் பார்த்துவிட்டு, உங்கள் மகன் பெயர் இந்தத் தடவை குலுக்கலில் வரவே இல்லையே என்றார்.

அமீர் அலிக்கு அது முதலில் விளங்கவில்லை.

"எங்க வார்டைப் பொறுத்தமட்டும் உங்க மகன் வீட்டுல இருக்கான்" என்றார் ஊ தௌங். "பசுந்தாங்ல ஏத்தினா அது பசுந்தாங்காரங்க பொறுப்பு. நான் கேக்க முடியாது. கேட்டா, உங்க வார்டுல இன்னும் எத்தன பேர ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு எங்கிட்ட கேப்பாங்க."

அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டிலிருந்து சர்ஃபராஸின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பசுந்தாங் காவல் நிலையத்துக்குப் போனார்கள். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற காவல்காரன் அந்தப் பெயரில் யாரும் இங்கே இல்லை என்றான். அப்படியானால் வேறு யார் இருக்கிறார்கள் என்று அமீர் அலி கேட்டார். யாருமே இல்லை, வண்டி போய்விட்டது என்றான். எங்கே போனது என்று கேட்டதும் கையைக் காட்டி விலகச் சொன்னான். பயிற்சி முகாமுக்குப் போயிருந்தால் என்றாவது ஒருநாள் போன் செய்யவிடுவார்கள் என்று வெளியே வந்த இன்னொரு போலீஸ்காரர் சொன்னார். அவரும் ஒரு தகப்பன் போலிருக்கிறது. அமீர் அலியைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"பெரியவரே, இங்க நிக்காதீங்க. பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு என்ன வயசு? பொம்பளப் பிள்ளைங்க பேரும் எழுதிக்கிட்டிருக்காங்க. வெளிநாட்டுல யாராவது இருந்தா அனுப்பிடுங்க."

ஸமீராவுக்கு அது காதில் விழுந்தது. விழுந்தது வாப்பாவுக்குத் தெரியும். இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் அமீர் அலி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக நடைபாதையில் போகிற ஒவ்வொரு பையனையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் நபீஸா படியேறி வந்தாள். ஃபாத்திஹா வீட்டு நெய்ச்சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மகனைக் கூப்பிட்டாள். சத்தம் இல்லை. தூங்குகிறானா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். இரண்டு அறை வீடு. உடனே திரும்பி வந்துவிட்டாள்.

அமீர் அலி எழுந்து நின்றார்.

"புடிச்சிட்டுப் போயிட்டாங்க, நபீஸா."

அவள் தூக்குவாளியைக் கீழே வைக்கவில்லை. "வீட்டுக்குள்ள வந்தா?"

"இல்ல. வெளிய."

"வெளிய எதுக்குப் போனான்? எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு எதுக்குப் போனான்?"

ஸமீரா வாயைத் திறந்தாள். அதற்குள் வாப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான் கடைக்கு வரச் சொன்னேன். சரக்கு வந்துச்சு. மூட்டை எறக்க ஆள் இல்ல."

தான் பிறந்ததிலிருந்து அவர் மனைவியிடம் பொய் சொல்லி ஸமீரா கேட்டதில்லை. சொல்லத் தெரியாதவர் சொன்ன பொய் அது. குரல் தட்டையாக இருந்தது. ஆனால் நபீஸா அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளிடம் தெம்பு இல்லை.

அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள், அவர் சட்டையைப் பிடிப்பாள் என்று ஸமீரா காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நபீஸா சுவரோரமாக உட்கார்ந்தாள். கணவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அந்த மூட்டைய நீங்களே சொமந்திருக்கலாமே" என்றாள்.

அமீர் அலி தலையைக் குனிந்துகொண்டார். பாங்கு சத்தம் கேட்டது. அவர் தொழப் போகவில்லை. அறையின் மறுகோடியில், மனைவிக்கு முதுகைக் காட்டாமலும் முகத்தைக் காட்டாமலும் உட்கார்ந்தார். அன்றுவரை அந்த வீட்டில் எந்தச் சண்டைக்கும் ஒரு முடிவு இருந்தது. இதற்கு இருக்காது என்று ஸமீராவுக்குத் தோன்றியது. தம்பி திரும்பி வந்தால்கூட உம்மா இவரை மன்னிக்க மாட்டாள்.

விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. நபீஸா மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அந்த லண்டன்காரங்க உங்கிட்ட பேசிட்டாங்களா?"

"பேசிட்டாங்க உம்மா."

"என்னைக்கிச் சொல்றாங்க?"

"வெள்ளிக்கெழம."

நபீஸா அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.

"கெடச்சா போயிடு. நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். கலியாணம் காட்சி எதுவும் கேக்க மாட்டேன். ஒரு புள்ளயாவது எங்கயாவது உசுரோட இருக்குதுன்னு எனக்கு இருக்கணும். போயிடறேன்னு சொல்லு."

அறையின் மறுகோடியிலிருந்து அமீர் அலி மகளைப் பார்த்தார். சரி என்று சொல் என்றது அந்தப் பார்வை. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் அவள் போகலாம். வாப்பா அந்தப் பொய்யை மௌத்தாகும்வரை சுமப்பார். உம்மா ஒருநாளும் தெரிந்துகொள்ள மாட்டாள்.

அக்கா மேலே இருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று கேட்டவனின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று ஸமீரா மத்தியானத்திலிருந்து நினைத்துப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

"உம்மா" என்றாள். "வாப்பா கூப்பிடல. நேர்காணல் இன்னிக்குத்தான் நடந்துச்சு. அவன நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அமீர் அலி கண்ணை மூடிக்கொண்டார்.

நபீஸா மகளின் கையை விடவில்லை. அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது. விரல்கள் வலித்தன. அணைக்கிறாளா, நெரிக்கிறாளா என்று ஸமீராவுக்குத் தெரியவில்லை. கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.